சைக்கிளுக்கு டிஸ்க் பிரேக்: வாங்குவதற்கு முன் சில விஷயங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் திருமுல்கேரி பக்கம் வந்து நின்று பாருங்கள். லோத்குண்டா, ஆல்வால், கார்கானா என்று நாலா பக்கமிருந்தும் பையன்களும் பெண்களும் சைக்கிளில் கூட்டமாக பொல்லாரம் சாலையில் போவார்கள். தலையில் ஹெல்மெட், முதுகில் தண்ணீர்ப் பை, எருமைக்கொம்பு போல ஹாண்டில் பார், தடித்த டயர். சக்கரத்தின் நடுவே அப்பளம் அளவில், ஓட்டை ஓட்டையாக ஓர் எஃகுத் தட்டு. அதுதான் டிஸ்க் பிரேக். சிக்னலில் அவர்கள் நிற்கும்போது 'கிறீச்' என்று ஒரு சத்தம் கேட்கும். மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். எனக்கு அது ஒரு நோயாளி முனகுவது போலக் கேட்கும்.

நம் சங்கக் குடும்பங்களில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போது இந்த 'மவுண்டன் பைக்' ஒன்று பெரும்பாலும் இருக்கிறது. வாங்கி இரண்டு மழைக்காலம் போனதும் "பிரேக் பிடிக்கவில்லை" என்ற புகார் வருகிறது. கடைக்குக் கொண்டுபோனால் "பூரா செட் மாற்ற வேண்டும் சாப்" என்கிறார்கள். அந்த விலையைக் கேட்டதும் சிலர் சைக்கிளையே மூலையில் போட்டு விடுகிறார்கள். சிலர், அதைவிட மோசமாக, பிடிக்காத பிரேக்கோடு பிள்ளையை அனுப்புகிறார்கள். "நீங்கள்தான் ரயில்வேயில் பிரேக் பார்த்தவராயிற்றே, கொஞ்சம் வந்து பாருங்கள் சார்" என்று கூப்பிடும் அன்பர்கள் அதிகமாகி விட்டதால், எல்லோருக்குமாக இங்கே எழுதி விடலாம் என்று தோன்றியது.

ரயில் பெட்டிக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். டிப்ளமா முடித்து 1980களில் ரயில்வேயில் சேர்ந்த நான், லாலாகுடா பணிமனையில் பல வருடங்கள் பெட்டிகளின் பிரேக்கோடுதான் மல்லுக்கட்டினேன். அப்போது வாக்குவம் பிரேக். பிறகு காற்றழுத்த பிரேக் வந்தது. சக்கரத்தின் மேல் அழுத்தும் வார்ப்பிரும்புக் கட்டைகள் போய், கலவைக் கட்டைகள் வந்தன. 2000-ஆம் ஆண்டு ஜெர்மன் வடிவமைப்பான எல்.எச்.பி. பெட்டிகள் இந்தியாவுக்கு வந்தபோது கதையே மாறியது. அவற்றில் பிரேக், சக்கரத்தைத் தொடுவதே இல்லை. அச்சின் மேல் தனியாகப் பொருத்திய தட்டைத்தான் பற்றுகிறது. நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். 2018-ல் பழைய வடிவப் பெட்டிகளை நிறுத்திவிட்டு முழுக்க எல்.எச்.பி.க்கு மாறியது. அந்தப் பெட்டியில் அச்சு ஒன்றுக்கு இரண்டு தட்டுகள், ஒவ்வொன்றும் 640 மி.மீ. விட்டம். சைக்கிளில் இருக்கும் தட்டு பெரும்பாலும் 160 மி.மீ. சரியாக நாலில் ஒரு பங்கு. தத்துவம் இரண்டிலும் ஒன்றே.

இதில் என்ன லாபம்? ரயிலில் கட்டை சக்கரத்தின் மேலேயே உராய்ந்தால் சக்கரம் சூடாகும், தேயும். தட்டில் உராய்ந்தால் சக்கரம் பிழைக்கும். சைக்கிளிலும் அப்படித்தான். பழைய ரப்பர் கட்டை பிரேக் ரிம்மைப் பிடிக்கும். ரிம் தேயும், மழையில் நனைந்தால் வழுக்கும், ரிம் சற்று வளைந்தாலும் உரசும். தட்டு ஹப் பக்கத்தில் உயரத்தில் இருப்பதால் சேறும் தண்ணீரும் அவ்வளவாகப் படாது. நம் ஊர் ஜூலை, ஆகஸ்ட் மழையில் இது பெரிய சௌகரியம்.

ஆனால் ஒரு விஷயத்தில் பழைய சைக்கிளே நம்மைக் காப்பாற்றியது. அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த ஹெர்குலிஸ், லூதியானாவின் ஹீரோ என்று எந்தச் சைக்கிளாக இருந்தாலும், அந்தக் கம்பி பிரேக்கின் ரப்பர் கட்டை கும்பகோணத்திலும் கிடைத்தது, காஜிப்பேட்டையிலும் கிடைத்தது. பஞ்சர் கடைக்காரரே ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பார். டிஸ்க் பிரேக்கின் கதை அப்படியல்ல. தட்டை இரு பக்கமும் பற்றுகிற சிறு வில்லைகளுக்குப் 'பேடு' என்று பெயர். இந்தப் பேடுகள் ஒவ்வொரு கம்பெனிக்கும், ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு வடிவம். சில வட்டம், சில சதுரம், சில காது வைத்தது. ஒன்று மற்றொன்றில் நுழையாது.

ஆகவே டிஸ்க் பிரேக் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது விலை இல்லை. இதற்குப் பேடு மூன்று வருடம் கழித்துக் கிடைக்குமா என்பதுதான். பணிமனையில் ஸ்பேர் வராத இயந்திரத்துக்கு நாங்கள் வைத்த மரியாதை என்ன என்று எனக்குத் தெரியும். தார்ப்பாய் போட்டு மூடி வைப்போம். பெயர் தெரியாத மலிவு பிரேக்கை வாங்கினால், பேடு தேய்ந்த அன்றே அந்த பிரேக்கின் ஆயுள் முடிந்தது. மறுபடி பூரா செட். இரண்டு தடவை மலிவாக வாங்கிய காசில் ஒரு தடவை நல்லதாகவே வாங்கியிருக்கலாம்.

கொஞ்சம் கணக்கு

கணக்கு பிடிக்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டி விடலாம். ஆனால் எங்கே காசு செலவழிப்பது, எங்கே மிச்சம் பிடிப்பது என்பது இதில்தான் தெரியும்.

சைக்கிளும் ஆளும் சேர்த்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே நாய் வருகிறது, சற்று அழுத்தமாக நிறுத்த வேண்டும். அதற்குத் தரையில் ஏறக்குறைய 400 நியூட்டன் விசை வேண்டும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் பெரும் வேலையை முன் பிரேக்தான் செய்கிறது. முழுதும் அதுவே செய்வதாகக் கொள்வோம். சக்கரத்தின் ஆரம் 330 மி.மீ. சுமார். 160 மி.மீ. தட்டில் பேடு பிடிக்கும் இடம் மையத்திலிருந்து 75 மி.மீ. தான். ஆக, தரையில் வேண்டிய விசையைப் போல நாலரை மடங்கு, அதாவது 1,760 நியூட்டன் தட்டில் வேண்டும். உராய்வுக் கெழு 0.4 என்றால், இரண்டு பேடுகளும் தட்டை இறுக்க வேண்டிய விசை 2,200 நியூட்டன். நம் பாஷையில் சொன்னால் 220 கிலோ எடையை ஏற்றி வைத்தது போல.

இந்த 220 கிலோவையும் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் இரண்டு விரல்கள் கொடுக்க வேண்டும். நடுவில் லீவர் பெருக்குகிறது, காலிப்பர் பெருக்குகிறது, சரி. ஆனால் கேபிள் துருப்பிடித்து உள்ளே உரசினால் விரலின் பலத்தில் பாதி அங்கேயே போய்விடும். பேடில் துளி எண்ணெய் பட்டால் உராய்வு விழுந்துவிடும். அப்போது 220 கிலோ கொடுத்தாலும் போதாது. பிரேக் பிடிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். காலிப்பர் கெட்டுப்போவது அபூர்வம்.

இன்னொன்றும் இந்தக் கணக்கில் இருக்கிறது. கையில் இருக்கும் காசு ஒரு நல்ல பிரேக்குக்குத்தான் போதும் என்றால் அதை முன்னால் போடுங்கள். பின்னால் பழையதே இருக்கட்டும். நம் வீடுகளில் "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவாய்" என்று சொல்லியே பிள்ளைகளை வளர்க்கிறோம். தப்பு. இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தக் கற்றுக் கொடுக்க வேண்டும்.

எதிர் வீட்டுச் சைக்கிள்

எங்கள் எதிர் வீட்டில் மதுரைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மகள் ஒன்பதாவது படிக்கிறாள், பள்ளிக்குச் சைக்கிளில்தான் போவாள். ஒரு நாள் மாலை இறக்கத்தில் வரும்போது முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. இவள் இரண்டு லீவரையும் ஹாண்டில் பாரோடு ஒட்டும்படி அழுத்தியும் சைக்கிள் நிற்கவில்லை. ஓரத்து மண்ணில் திருப்பி விழுந்தாள். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவள் அம்மா அன்றே சொல்லிவிட்டார், இனி சைக்கிள் கிடையாது, ஆட்டோவில் போ என்று. பெண் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்தச் சைக்கிள் என்பது பள்ளி விட்டதும் சிநேகிதி வீடு, நூலகம், டியூஷன் எல்லாம். அப்பா கடையில் விசாரித்தார். முன்னும் பின்னும் முழு செட், கூலியோடு நாலாயிரத்துச் சொச்சம் என்றார்கள். சைக்கிளே பதினோராயிரத்துக்கு வாங்கியது.

"தாத்தா, நீங்கள் ஒரு தடவை பாருங்களேன்" என்று அவளே வந்து கேட்டாள். பால்கனியில் பழைய செய்தித்தாளை விரித்துச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன். "ரிடையர் ஆனாலும் வீடு லாலாகுடாவாகத்தான் இருக்கிறது" என்று என் மனைவி சொன்னதை இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

முன் சக்கரத்தைக் கழற்றிப் பேடுகளை எடுத்தேன். உள் பக்கத்துப் பேடில் மசாலாவே இல்லை. வெறும் இரும்புத் தகடு. வெளிப்பக்கத்துப் பேடில் மசாலா இருந்தது, ஆனால் கண்ணாடி போலப் பளபளத்தது. சர்வீஸ் செய்த யாரோ சங்கிலிக்கு ஸ்ப்ரே அடித்தபோது அது தட்டிலும் பட்டிருக்கிறது. கேபிளை இழுத்துப் பார்த்தால் மணலில் கயிறு இழுப்பது போல இருந்தது. தட்டை வெர்னியரில் அளந்தேன், 1.7 மி.மீ. புதிதில் 1.8 இருக்கும், 1.5-க்குக் கீழே போனால்தான் மாற்ற வேண்டும். தட்டிலேயே அந்தக் குறைந்தபட்ச அளவைப் பொறித்திருப்பார்கள், உற்றுப் பார்த்தால் தெரியும். ஆக, தட்டு நல்லது, காலிப்பர் நல்லது, லீவர் நல்லது.

வாங்கியது: இரண்டு ஜோடி பேடு, இரண்டு உள் கேபிள், இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமாக அவுட்டர், தட்டைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சிறு பாட்டில். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, பேடைத் தேடி அலைந்த பெட்ரோல்தான் அதிகம்.

அந்த உள் பேடு மட்டும் ஏன் முழுக்கத் தேய்ந்தது என்று அவள் அப்பா கேட்டார். நல்ல கேள்வி. மலிவான கேபிள் டிஸ்க் பிரேக்கில் ஒரு பேடுதான் நகரும். அது தட்டைத் தள்ளி, அசையாமல் இருக்கும் மறு பேடோடு ஒட்ட வைக்கும். தேயத் தேய அந்த அசையாத பேடை ஆலன் கீயால் சற்று உள்ளே திருகித் தட்டுக்கு அருகில் கொண்டுவர வேண்டும். யாரும் செய்வதில்லை. லீவரில் இருக்கும் திருகை மட்டும் சுற்றிக் கேபிளை இறுக்கிக்கொண்டே போவார்கள். அப்படிச் செய்தால் காலிப்பரின் கை பாதி தூரம் போன நிலையிலேயே வேலை தொடங்கும்; பெருக்கும் சக்தி குறைந்துவிடும். லீவர் இறுக்கமாக இருக்கும், சைக்கிள் மட்டும் நிற்காது.

உண்மையிலேயே மாற்ற வேண்டியிருந்தால்

தட்டு தேய்ந்து போயிருந்தாலோ, காலிப்பருக்குள் மரை போயிருந்தாலோ, அல்லது பேடே கிடைக்காத பெயரற்ற பிரேக்காக இருந்தாலோ புதிதாகத்தான் வாங்க வேண்டும். அப்போது நான்கு விஷயம் பொருந்த வேண்டும்.

தட்டு ஹப்பில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஆறு போல்ட்டு இருந்தால் ஒரு வகை. நடுவில் பல் பல்லாக ஒரே வளையம் இறுக்கியிருந்தால் 'சென்டர்லாக்' என்ற வகை. நம் ஊரில் விற்கும் மலிவு விலைச் சைக்கிள்களில் பெரும்பாலும் ஆறு போல்ட்டுதான். நட்சத்திர முனை கொண்ட டி-25 சாவி அதற்கு வேண்டும். ராணிகஞ்சில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கேளுங்கள்.

அடுத்து காலிப்பர் ஃபோர்க்கில் பிடிக்கும் விதம். போல்ட்டுகள் சக்கர அச்சின் திசையிலேயே, பக்கவாட்டில் நுழைந்தால் அது ஐ.எஸ். வகை, இரண்டு துளைகளுக்கும் நடுவே 51 மி.மீ. பின்னாலிருந்து ஃபோர்க்குக்குள் நேராக நுழைந்தால் போஸ்ட் மவுண்ட், 74 மி.மீ. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற அடாப்டர் கிடைக்கிறது. ஒரு ஸ்கேலை எடுத்து அளந்து தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனால் போதும்.

தட்டின் விட்டம் மூன்றாவது. 160-க்குப் பதில் முன்னால் 180 போட்டால் அதே விரல் அழுத்தத்துக்கு எட்டில் ஒரு பங்கு அதிகம் பிடிக்கும். கனமான ஆள், இறக்கமான பாதை என்றால் செய்யலாம். ஆனால் ஃபோர்க் எத்தனை மி.மீ. வரை தாங்கும் என்று அதைச் செய்தவர்கள் சொல்லியிருப்பார்கள். அதை மீறக் கூடாது. பள்ளிப் பிள்ளைக்கு 160 தாராளம்.

நான்காவது லீவர். வி-பிரேக் என்று சொல்லும் நீளக்கை ரிம் பிரேக்குக்கான லீவர் கேபிளை அதிக நீளம் இழுக்கும். மவுண்டன் பைக்கின் கேபிள் டிஸ்க்குக்கு அதுவே சரி. ரோடு பைக்கின் வளைந்த ஹாண்டில் லீவர் குறைவாக இழுக்கும், அதற்கான காலிப்பர் வேறு. இதைக் கவனிக்காமல் வாங்கினால் லீவர் ஹாண்டிலைத் தொடும், பேடு தட்டைத் தொடாது.

கேபிளா, எண்ணெயா?

இதுதான் எல்லோரும் கேட்பது. எண்ணெய் பிரேக்கில் லீவரை அழுத்தினால் குழாயில் இருக்கும் திரவம் இரண்டு பக்கத்துப் பேடையும் ஒரே சமயத்தில் தள்ளும். பேடு தேயத் தேயத் தானாகவே சரி செய்துகொள்ளும். குழாயில் துரு இல்லை, உரசல் இல்லை. விரலுக்குச் சுகம். ஷிமானோவின் எம்.டி. 200 போன்ற ஆரம்ப மாடல்களே நன்றாகப் பிடிக்கின்றன. விலை சில ஆயிரம்.

ஆனால் குழாய் அறுந்தாலோ காற்று புகுந்தாலோ தெருமுனைக் கடையில் வேலை நடக்காது. தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. ஷிமானோ, டெக்ட்ரோ போன்றவற்றில் இருப்பது மினரல் ஆயில். ஸ்ராம் கம்பெனியின் பழைய மாடல்கள் பலவற்றில் இருப்பது டாட் என்ற பிரேக் திரவம். மோட்டார் சைக்கிளில் ஊற்றுவதும் அந்த இனம்தான். மினரல் ஆயில் பிரேக்கில் மோட்டார் சைக்கிள் மெக்கானிக் அவசரத்துக்கு டாட் ஊற்றிவிட்டால் உள்ளே ரப்பர் சீல் ஊதிப்போய், பிரேக் போயிற்று. எதிர்மாறாகச் செய்தாலும் அதே கதிதான். லீவரின் மூடியில் எதை ஊற்ற வேண்டும் என்று எழுதியே இருக்கும்.

என் அபிப்பிராயம்: காலனி, பள்ளி, ஞாயிற்றுக்கிழமை பொல்லாரம் வரை என்றால் நல்ல கேபிள் பிரேக் போதும். விகாராபாத் பக்கம் அனந்தகிரி மலைக்குப் போகிற வாலிபர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எண்ணெய் பிரேக் வீண் செலவு இல்லை. 80 கிலோ, 100 மீட்டர் உயரம் இறங்கினால் 78,000 ஜூலுக்கு மேல் சக்தி எங்காவது போக வேண்டும். இரண்டு தட்டும் சேர்த்து கால் கிலோ எடை. காற்று எடுத்துப் போகாவிட்டால் அந்தத் தட்டு அறுநூறு டிகிரி ஏறிவிடும். காற்று எடுத்துப் போகிறது என்பதால்தான் தப்பிக்கிறோம். ஆகவே இறக்கத்தில் பிரேக்கை உரசிக்கொண்டே வராமல், அழுத்தி வேகம் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்தி இறங்க வேண்டும். மேலை நாடுகளில் 1902-லேயே லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் மோட்டார் காருக்கு டிஸ்க் பிரேக் காப்புரிமை எடுத்தார். அன்று முதல் இன்று வரை தட்டு பிரேக்கின் பகை சூடுதான்.

பேடில் இரண்டு ஜாதி. ரெசின் பேடு மெத்தென்று பிடிக்கும், சத்தம் குறைவு, மழைச் சேற்றில் சீக்கிரம் தேயும். உலோகப் பொடி சேர்த்துச் சுட்ட சின்டர்டு பேடு நீண்ட நாள் வரும், சூடு தாங்கும், கொஞ்சம் சத்தம் போடும். சின்டர்டு நல்லது என்று கேள்விப்பட்டு உடனே வாங்கிவிடாதீர்கள். மலிவான தட்டுகள் பலவற்றில் ரெசின் பேடு மட்டும் என்று பொறித்திருக்கும். அதில் சின்டர்டு போட்டால் பேடு பிழைக்கும், தட்டு கரையும். வீட்டுச் சைக்கிளுக்கு ரெசினே போதும்.

வடிவத்தைப் பொறுத்தவரை ஷிமானோவின் மலிவு மாடல்கள் பலவற்றுக்கும் ஒரே பேடுதான். பி.01.எஸ். என்று இருந்தது பிறகு பி.03.எஸ்., பி.05.எஸ். என்று எண் மாறியதே தவிர வடிவம் மாறவில்லை. வேறு கம்பெனிகளும் அந்த வடிவத்தில் பேடு செய்கின்றன. ஆகவே புது காலிப்பர் வாங்கும்போது "இதற்கு எந்தப் பேடு?" என்று கேளுங்கள். கடைக்காரர் உடனே ஒரு ஜோடியை எடுத்துக் காட்டினால் வாங்கலாம். "அதெல்லாம் தேயாது சாப்" என்றால் வெளியே வந்துவிடுங்கள். முடிந்தால் காலிப்பரோடு சேர்த்தே இரண்டு ஜோடி வாங்கி வைத்துவிடுங்கள்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு: அவுட்டர். கியர் கேபிளின் அவுட்டரும் பிரேக் கேபிளின் அவுட்டரும் பார்வைக்கு ஒன்று போல இருக்கும். பிரேக் அவுட்டரில் கம்பி ஸ்பிரிங் போலச் சுற்றியிருக்கும். கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாட்டில் கிடக்கும். இதைப் பிரேக்கில் போட்டால், முழு பலத்தோடு அழுத்தும் அந்த ஒரு அவசர நேரத்தில் பிளந்துகொள்ளும். கையில் இருக்கிறதே என்று மீதித் துண்டைப் போட்டுவிடாதீர்கள்.

பொருத்தும்போது

காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் சற்றுத் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடியே இறுக்கினால் பேடுகள் தட்டுக்கு நேராக உட்காரும். ஒரு பேடு அசையாத வகையில், அசையாத பேட்டுக்கும் தட்டுக்கும் நடுவே விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி போதும். எண்ணெய் பிரேக்கில் சக்கரம் கழற்றியிருக்கும்போது லீவரை அழுத்தக் கூடாது, பேடுகள் ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஓர் அட்டையை மடித்துச் செருகி வையுங்கள்.

தட்டையும் பேடையும் வெறுங்கையால் தொடாதீர்கள். நம் கையில் எப்போதும் கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருக்கும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு போய்த் தட்டைத் தடவிப் பார்த்த பெரியவர்களை நான் கண்டிருக்கிறேன். மண்ணெண்ணெயால் துடைப்பதும் கூடாது, அதுவும் படலம் விடும். எண்ணெய் குடித்த ரெசின் பேடை அடுப்பில் சுடு, மண்ணில் தேய் என்றெல்லாம் யோசனை சொல்வார்கள். சில நூறு ரூபாய்ப் பொருள், தூக்கிப் போடுங்கள். சுழலும் தட்டில் சின்னப் பிள்ளைகள் விரல் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டைகளில் விரல் மாட்டினால் கத்தரி போல வெட்டும். இறக்கம் இறங்கி வந்த சூட்டோடும் தொடக் கூடாது.

பிள்ளையின் கை சிறியதாக இருந்தால் லீவர் தூரமாக இருக்கும், விரல் நுனிதான் எட்டும். பல லீவர்களில் உட்பக்கம் ஒரு குட்டித் திருகு இருக்கிறது. அதை உள்ளே திருகினால் லீவர் ஹாண்டிலுக்கு அருகில் வரும். எதிர் வீட்டுப் பெண்ணின் சைக்கிளில் இரண்டு சுற்று சுற்றினேன், இரண்டு விரலின் நடு மடிப்பு லீவரில் உட்கார்ந்தது. ஒரு பைசா செலவில்லாத இந்த வேலையைக் கடையில் யாரும் செய்து கொடுத்து நான் பார்க்கவில்லை.

புதுப் பேடு போட்டவுடன் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. பயப்பட வேண்டாம், கடைக்காரரோடு சண்டையும் வேண்டாம். அதிகாலையில் காலனிக்குள் சமதளமான தெருவில் ஓட்டச் சொல்லுங்கள். இருபது கி.மீ. வேகம் வரை போய், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஒரே சீராக அழுத்தி நடை வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு பிரேக்குக்குப் பதினைந்து, இருபது தடவை. பேடின் மசாலா மெல்லிய படலமாகத் தட்டில் ஏறினபிறகுதான் பிடிப்பு வரும். ஏழெட்டுத் தடவையில் மாற்றம் கைக்கே தெரியும். அது வரும் வரை பெரிய சாலைக்கு அனுப்பாதீர்கள்.

பிறகு மாதம் ஒரு தடவை டார்ச் அடித்துப் பேடின் கனத்தைப் பாருங்கள். தகட்டின் மேல் மசாலா அரை மி.மீ. வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். கழற்றின பழைய பேடைக் குப்பையில் போடாமல் ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, முன் சக்கரமா பின் சக்கரமா, எந்தத் தேதி என்று எழுதி ஆணியில் மாட்டி வையுங்கள். அடுத்த தடவை கடைக்குப் போகும்போது பேரும் எண்ணும் ஞாபகமில்லாவிட்டாலும், அதைப் புதிதின் மேல் வைத்துப் பார்த்து வாங்கி வந்துவிடலாம்.